தில்லைநாயகி வீட்டுக் கதவைத் தட்டியது யார்?

மேடையில் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தொழிற்சங்கச் செயலாளர் ஆண்டனி அண்ணன் அவர்களே, எங்கள் பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர் பாக்யராஜ் சார் அவர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமுதம் அண்ணி அவர்களே, ஞாயிற்றுக்கிழமை துவைக்கிற துணியைக்கூட அப்படியே ஊறப் போட்டுவிட்டு இந்த ஏம்பலம் சமுதாயக் கூடத்துக்குத் திரண்டு வந்திருக்கும் பிஸ்கட் கம்பெனி அக்கா தங்கைகளே, கடைசி வரிசையில், வாசல் பக்கமாக, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய்விடலாம் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் சகாயராணி அவர்களே! உங்கள் எல்லோருக்கும் விஜயராணியின் வணக்கம்.

ஏன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், சகாயராணி என்றுதான் சொன்னேன். ஆறு வருடமாக இந்த வாயிலிருந்து வராத பெயர். இன்றைக்கு மைக்கில் வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. ஆண்டனி அண்ணன் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளும் எழுதிக் கொடுத்தார். 'மறைந்த கேன்டீன் செல்லப்பன் அவர்கள் மாசற்ற மாணிக்கம், பொய்யே அறியாத புனிதர்' என்று அது தொடங்குகிறது. ஆண்டனி அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை நாலாக மடித்து என் பர்சுக்குள் வைத்துவிட்டேன். பொய்யே அறியாதவரா? அடேங்கப்பா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு பூசணித் தோட்டத்தையே கால் கிளாஸ் டீயில் மறைத்தவர்!

ஆனால் புகழ வேண்டியதைப் புகழாமல் போனால் நான் மனுஷியே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடம் நமக்கு டீ ஊற்றியவர் செல்லப்பன் அண்ணன். யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருக்கு இஞ்சி பிடிக்காது, யார் காலையில் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பட்டினியாக வேன் ஏறி வந்திருக்கிறாள் என்று நம் முகத்தைப் பார்த்தே சொல்வார். நோன்பு மாதத்தில் தஸ்லீமாவின் பங்கை ஒரு பிளாஸ்கில் தனியாக ஊற்றி, சாயங்காலம் வில்லியனூர் வேனில் அவள் சீட்டிலேயே வைத்துவிட்டு வருவார். ஒரு நாள் மறந்ததில்லை. ஜோஸ்பினுக்கு அடுப்பு ரூமில் கை வெந்தபோது, டீ கேனை அப்படியே தரையில் வைத்துவிட்டு, டிவிஎஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் யார்? எந்த அதிகாரி போனார்? செல்லப்பன் அண்ணன் போனார்!

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர் நமக்குக் கதை சொன்னார்.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் காலை எட்டு மணிக்குக் கேட்டிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் கைக்கு வரும். இடையில் உலகமே அழிந்தாலும் எங்களுக்குத் தெரியாது. உலகம் அழியட்டும். மதியம் ஒன்றரை மணிக்கு 'அரசமரத்து வீடு' ஓடுமே! ஊரில் உள்ள பெண்ணெல்லாம் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, நாங்கள் நாற்பத்தோரு பேர் கையுறையும் தொப்பியுமாக கிரீம் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருப்போம். அந்த வயிற்றெரிச்சல் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் வீடு கம்பெனி மதிலுக்குப் பின்னால். மதியச் சாப்பாடு பரிமாறி முடித்ததும் வீட்டுக்குப் போவார், அண்ணியோடு உட்கார்ந்து தொடரைப் பார்ப்பார். மூன்றரைக்கு டீ கேனோடு ஷெட்டுக்குள் வருவார். டீ நேரம் பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம் டீ. மிச்சம் பத்து நிமிடம் 'அரசமரத்து வீடு'. தோளில் கிடக்கிற துண்டை இழுத்து விட்டால் மாமியார். அதையே இடுப்பில் செருகினால் மருமகள். கேன் மூடியை டப்பென்று தட்டினால் அறை விழுந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொள்வோம்!

அந்தத் தொடரின் நாயகி தில்லைநாயகி. புருஷன் கைவிட்ட பிறகு, மாமியார் வீட்டுக்கு எதிரிலேயே இட்லிக் கடை போட்டு நிமிர்ந்து நின்றவள். நடித்தவர் நளினகுமாரி. என்ன நடிப்பு! என்ன நடிப்பு என்று நான் சொல்கிறேனே, நான் பார்த்தேனா? நீங்கள் பார்த்தீர்களா? அதுதானே இன்றைக்கு விஷயம்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை நம் ஷெட்டில் தேர்தல் நடக்கும். மதியத் தொடர்களின் வரலாற்றிலேயே தலைசிறந்த திறமைசாலி யார் என்கிற தேர்தல். அச்சுப் பிசகிய கவரைக் கிழித்து, வெள்ளைப் பக்கத்தில் பெயர் எழுதி, காலியான டீ கேனைத் துடைத்து அதற்குள் போட வேண்டும். சும்மாவா போடுவோம்? பத்து நாள் பிரச்சாரம் நடக்கும்! அழுவது தனித் திறமை, அழுகையை அடக்குவது தனித் திறமை என்று ஜோஸ்பின் ஒரு கட்சி. பாலில் விஷம் இருப்பது தெரிந்தும் சிரித்துக்கொண்டே குடிக்கிறாளே, அதற்குமேல் நடிப்பு உண்டா என்று தஸ்லீமா ஒரு கட்சி. வில்லியாக வரும் மேகலாதேவிக்கு ஒரு பத்து ஓட்டு எப்போதும் நிச்சயம். சட்டமன்றத் தேர்தலில்கூட நாங்கள் இவ்வளவு யோசித்து ஓட்டுப் போட்டதில்லை.

எண்ணுவது யார்? ஓட்டில்லாத, கட்சியில்லாத, நடுநிலையான மனிதர். செல்லப்பன் அண்ணன். ஒன்பது தேர்தல். ஒன்பதிலும் வென்றவர் நளினகுமாரி. நம் ஷெட்டின் ரசிகர் மன்றத் தலைவி என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு வருடமும் ஒரு சான்றிதழும், இரண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டும் அவருக்குப் பார்சல் கட்டுவோம். தபாலில் சேர்க்கிற பொறுப்பும் அண்ணனுடையதுதான். ஒரு தடவையும் பதில் வரவில்லை. "பெரிய நடிகம்மா. டைம் இருக்காது" என்பார். நாங்களும் தலையை ஆட்டினோம்.

நம் மன்றத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. அதைக் கொண்டு வந்தவள் நான்தான், வேறு யார்? 'லீவு போட்டு வீட்டில் இருக்கிற நாளிலும் தனியாகத் தொடர் பார்க்கக் கூடாது. தப்பித் தவறிப் பார்த்துவிட்டால் ஷெட்டில் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றரைக்கு அண்ணன் சொல்வதுதான் கதை.' நாற்பத்தோரு பேரும் ஒன்றாகக் கேட்க வேண்டும், ஒன்றாக அழ வேண்டும். நியாயம்தானே? நான் லீவே போட மாட்டேன். காய்ச்சல் வந்து படுத்த இரண்டு நாளும் டிவியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். ராத்திரியில் வேறு நிகழ்ச்சி பார்க்கும்போது அந்தத் தொடரின் விளம்பரம் வந்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்வேன். பையன் சிரிப்பான். சிரிக்கட்டும், சட்டம் சட்டம்தான் என்பேன்.

இப்படித்தான் இருந்தேன், போன மாதம் பதினொன்றாம் தேதி வரைக்கும்.

அண்ணன் இறந்து பத்தாவது நாள். திங்கட்கிழமை காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனிதர். நான் ஒரு நாள் லீவு போட்டு அண்ணியைப் பார்க்கப் போனேன். பேசிக்கொண்டிருந்தோம். மணி ஒன்றரை ஆனது. அண்ணி எழுந்து போய், பழக்கதோஷத்தில் டிவியைப் போட்டுவிட்டார். நான் முகத்தைத் திருப்பினேன். பிறகு யோசித்தேன். கதை சொல்ல அண்ணன் இல்லை. இனி சட்டம் எங்கே இருக்கிறது? பார்ப்போமே என்று திரும்பினேன்.

அரசமரத்து வீட்டின் கூடம். சுவரில் ஒரு பெரிய படம். படத்துக்கு மாலை. மாலைக்குக் கீழே சிவப்புச் சின்ன பல்பு எரிகிறது. நளினகுமாரியின் முகம் எனக்குத் தெரியும், பத்திரிகையில் வெட்டி என் டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேனே. படத்தில் இருப்பது அதே முகம்!

"அண்ணி, தில்லைநாயகி எப்ப செத்தா? அண்ணன் போன அப்புறமா?" என்று கேட்டேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "இன்னா விஜயா இப்பிடி கேக்கற? அது லாரியில அடிபட்டு செத்து ஒம்பது வருசமாவுதே!" என்றார்.

ஒன்பது வருடம்! தொடர் ஆரம்பித்து எட்டாவது மாதத்திலேயே அந்தப் பாத்திரத்தைக் கொன்றுவிட்டார்களாம். நடிகைக்கும் தொடர் எடுக்கிற கம்பெனிக்கும் ஏதோ தகராறாம். அப்படியானால் ஒன்பது வருடமாக இட்லிக் கடை நடத்தியது யார்? மாமியாரைக் கோர்ட்டில் ஜெயித்தது யார்? பெண்ணை நர்சிங் படிக்க வைத்தது யார்? ஒன்பது தேர்தலில் நாம் ஓட்டுப் போட்டது யாருக்கு? அண்ணி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்துத் திறந்தார். ஒன்பது சான்றிதழ்களும் இருந்தன, என் ஒன்பது கையெழுத்துகளோடு. பிஸ்கட்டை மட்டும் காணோம். "அத்த நாங்க துன்னுட்டோம்மா" என்றார் அண்ணி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் அங்கே சிரிக்கவில்லை. அந்தச் சான்றிதழ்களையே கண் வலிக்கிற அளவுக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதைதானே, போனால் போகிறது என்பீர்கள். எனக்கு அது கதை மட்டும் இல்லை. உங்களுக்கும் தெரியும், இன்றைக்கு நானே வாயால் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டார். இரண்டரை வருடம் ஒரு கடுதாசி இல்லை, ஒரு போன் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை, கையில் அல்வாப் பொட்டலமும் ஒரு புடவையுமாகப் பாகூரில் வந்து நின்றார். என் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு, 'நாளைக்குச் சாயங்காலம் வருவேன், சேர்த்துக்கொள்' என்று சொல்லி அனுப்பினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வியாழக்கிழமை காலை வேனில் சகாயராணியிடம் மட்டும் சொன்னேன். எனக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்பது வருடம் பிஸ்கட் அடுக்கியவள் அவள். சொல்லாமல் இருக்க முடியுமா? ஆனால் கம்பெனி வேனில் ரகசியம் எங்கே தங்கும்? பத்து மணிக்குள் ஷெட்டுக்கே தெரிந்துவிட்டது. கேன்டீனுக்கும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு மூன்றரை மணிக்குச் செல்லப்பன் அண்ணன் என்ன கதை சொன்னார் தெரியுமா? தில்லைநாயகியின் புருஷன் இனிப்புப் பொட்டலத்தோடு திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். தில்லைநாயகி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக நின்று பேசுகிறாள். அண்ணன் துண்டை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு சொன்னார்: "பசிச்சா சொல்லு, சோறு போடறேன். கதவ மட்டும் தொறக்கச் சொல்லாத."

ஷெட்டே கைதட்டியது. நான் தட்டவில்லை. நான் அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, எழுத்துப் பிசகாமல் அதையே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டில் சோறு போட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வெளியே நின்று தின்றுவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

அது சரியா, தப்பா? சரிதான்! இன்றைக்கும் சொல்கிறேன், நூற்றுக்கு நூறு சரி. என் கேள்வி அது இல்லை. அந்தக் கதவைச் சாத்தியது நான் என்று நினைத்து ஆறு வருடமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனே! எனக்குப் பின்னால் தில்லைநாயகி நிற்கிறாள், நளினகுமாரி நிற்கிறார், அந்தத் தொடரைப் பார்க்கிற லட்சம் பெண்கள் நிற்கிறார்கள் என்று நினைத்தேனே! அங்கே நின்றது யார்? ஒரு டீ கேனும் ஒரு துண்டும்! அண்ணே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? 'விஜயா, இது நான் நினைக்கிறது, தொடரில் இல்லை' என்று சொல்லிவிட்டுச் சொல்லியிருந்தால், நான் கேட்டிருக்க மாட்டேனா? நம்ப வைத்துத்தானே கழுத்தை அறுத்தீர்கள்?

இதைக்கூட மன்னித்துவிடலாம். அடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அது நடந்து நாலு மாதம் கழித்து சகாயராணிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்த முதல் நாள், டீ நேரத்தில், எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்: "அக்கா, தப்பா நெனைக்காத. நான் டிவியில பாத்தேன். தில்லைநாயகி கதவலாம் சாத்தல. அவ செத்து மூணு வருசமாச்சிக்கா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? தில்லைநாயகி செத்துவிட்டாள் என்றால், நான் யார் பேச்சைக் கேட்டு அந்த ஜன்னலில் நின்றேன்? வந்த கோபத்தில் என்னவெல்லாம் சொன்னேன்! "உன் மேகலாதேவி வருசா வருசம் தோக்கறான்னு வயித்தெரிச்சல்ல பேசற. என் வூட்டுக்காரு போயிட்டாரு, உன் வூட்டுக்காரு இருக்காரு, அந்தக் கொழுப்புல பேசற" என்றேன். சகாயராணி அழவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாள்.

அண்ணன் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷெட்டே அவர் வாயைப் பார்த்தது. அவர் சகாயராணியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கிளாசைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "டீ ஆறுதும்மா, குடிங்க."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் ஒருத்தி பொய்க்காரி ஆனாள். நான் பாக்யராஜ் சாரிடம் சொல்லி அவளை மூன்றாவது ஷெட்டுக்கு மாற்ற வைத்தேன். ஓட்டுரிமையைப் பறித்தேன். ஒரே வேனில் ஆறு வருடமாக அவள் பின் சீட்டில், நான் முன் சீட்டில். அவள் மகள் சர்ச்சில் புதுநன்மை வாங்கிய விழாவுக்கு நம்மில் ஒருத்தி போனோமா? ஒருத்தி போகவில்லை. நான் போகக் கூடாது என்று சொன்னேன், நீங்கள் போகவில்லை. உண்மை சொன்ன குற்றத்துக்கு இவ்வளவு தண்டனை. செல்லப்பன் அண்ணன் அதையும் பார்த்துக்கொண்டு, மூன்றாவது ஷெட்டுக்கும் போய் அவளுக்கு டீ ஊற்றினார். எப்படி ஊற்றினீர்கள் அண்ணே?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

இருங்கள், முடியவில்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அது அண்ணனுக்கு இல்லை, உங்களுக்கு. நீங்களும் லீவு போட்டிருக்கிறீர்கள். பிரசவம் பார்த்திருக்கிறீர்கள், அம்மை போட்டுப் படுத்திருக்கிறீர்கள், காது குத்துக்குப் போயிருக்கிறீர்கள். எல்லோரும் டிவியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தீர்களா? அந்த மாலை போட்ட படத்தை இதற்கு முன் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். செத்தவர் படத்துக்கு முன்னால் கேட்கிறேன், பொய் வேண்டாம்.

ஜோஸ்பின்! நீயா? எப்போதிலிருந்து? ... எட்டு வருடமாகவா! தஸ்லீமா, நீயும்? அடிப்பாவிகளா! அமலா, செந்தாமரை, இந்தப் பக்கம் மொத்த வரிசையும்! பாக்யராஜ் சார், உங்களுக்கும் தெரியுமா? நீங்கள் ஏன் கையைத் தூக்குகிறீர்கள்? ... உங்கள் வீட்டு அம்மா சொன்னார்களா. நன்றாக இருக்கிறது சார், ரொம்ப நன்றாக இருக்கிறது.

தூக்காத கை எத்தனை? ஒன்று, இரண்டு... போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். அப்புறம் நான். ஊருக்கெல்லாம் தெரிந்த ரகசியம், மன்றத் தலைவிக்கு மட்டும் தெரியாது!

என்ன சொல்கிறாய் ஜோஸ்பின்? எழுந்து சொல், எல்லோரும் கேட்கட்டும்.

"டிவியில வர்றது நல்லாவே இல்லக்கா. எந்நேரமும் சொத்து, பத்திரம், ஆஸ்பத்திரி. அண்ணன் சொல்றதுதான் நல்லா இருந்துச்சி. சொன்னா நின்னு பூடுமேன்னு..."

கேட்டீர்களா? சொன்னால் கதை நின்றுவிடுமே என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டீர்கள். வாயைத் திறந்த ஒருத்தியை நான் துரத்தினேன், நீங்கள் வேடிக்கை பார்த்தீர்கள். வருடா வருடம் பத்து நாள் பிரச்சாரம் செய்து, நளினகுமாரி பெயரையும் மேகலாதேவி பெயரையும் எழுதிப் போட்டீர்களே, அத்தனை ஓட்டும் கதை கட்டிய ஒரே ஆளுக்குத்தான் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டை எண்ணியவரும் அவரே! புதுச்சேரி மாநில வரலாற்றில் இதைவிடப் பெரிய கள்ள ஓட்டு விழுந்திருக்குமா?

இதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில் அந்த டீ கேன் இருக்கிறது. அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நாம் போட்ட பத்தாவது தேர்தல் ஓட்டு, திங்கட்கிழமை எண்ணிக்கொள்ளலாம் என்று விட்டது, எண்ணாமல் உள்ளே கிடக்கிறது. மன்றத் தலைவியாக அறிவிக்கிறேன். இந்தத் தேர்தல் ரத்து. ஒருத்தியின் ஓட்டைப் பறித்துவிட்டு நடத்திய எந்தத் தேர்தலும் செல்லாது. எண்ணியவரே ஜெயித்த முந்தின ஒன்பதும் செல்லாது.

அண்ணியிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தார் என்று. பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அண்ணி சொன்னார்: "அந்தப் பாத்திரம் செத்த அன்னிக்கிதான் நீங்க மொத மொத ஓட்டுப் போட்டீங்களாம். அந்தம்மா ஜெயிச்சிச்சின்னு எல்லாரும் கைதட்டிக்கினு இருந்தீங்களாம். அன்னிக்கி எப்பிடி சொல்றது, நாளிக்கி சொல்லிக்கலாம்னு வந்துட்டாரு. திங்கக்கெழம போனா, நீ கேட்டியாம், இன்னிக்கி தில்லைநாயகி இன்னா பண்ணான்னு. நாக்கு வர்லையாம். இட்லிக் கட போட்டான்னு சொல்லிட்டாராம்."

நான் கேட்டேனாம். என் வீட்டுக்காரர் போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மனிதர் தள்ளிப் போட்ட அந்த 'நாளைக்கு' ஒன்பது வருடமாக வரவே இல்லை.

அண்ணே, இப்போதும் என் கோபம் ஆறவில்லை. கருமாதிப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அதுவும் கோபம்தான். கடைசிச் சனிக்கிழமை கதையை எங்கே விட்டுவிட்டுப் போனீர்கள்? தில்லைநாயகி இட்லிக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருகிறாள். விளக்கு ஏற்றுகிறாள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். "மீதி திங்கக்கெழம" என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். யார் தட்டியது அண்ணே? டிவியைப் போட்டால் தெரியுமா? அங்கே அவள் படத்துக்கு மாலை தொங்குகிறது. அண்ணியைக் கேட்டால், "நானும் கேட்டேன், எனக்கே தெரியில, டீ ஊத்தும்போது வரும்னாரு" என்கிறார். உலகத்திலேயே யாருக்கும் தெரியாது. எல்லோரையும் ஏமாற்றியதும் போதாது என்று, அவளையும் தாழ்ப்பாளில் கை வைத்த மேனிக்கு நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

ஒரு மாதமாக நிற்கிறாள். கால் வலிக்காதா அவளுக்கு?

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் எழுந்து நின்று சொல்வோம். நானும் எடுக்கிறேன், எனக்கு வேண்டிய மாதிரி. நாளை மூன்றரை மணிக்கு டீ வரும். கதை இருக்கும். சொல்லப் போகிறவள் விஜயராணி. ஆனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன், இது டிவியில் வந்தது இல்லை, நான் சொல்வது என்று. பிடித்தவர்கள் கேளுங்கள், பிடிக்காதவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போங்கள்.

நாளைக்கு ஏன்? அண்ணனுக்குத்தான் நாளைக்கு என்று தள்ளிப் போட்டுப் போட்டு இந்தக் கதி வந்தது. நான் இப்போதே சொல்கிறேன். இது என் கதை, டிவியில் வந்தது இல்லை.

தில்லைநாயகி தாழ்ப்பாளை எடுக்கிறாள். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் போகவில்லை, கதவைத்தான் திறக்கிறாள். வாசலில் நிற்பது புருஷன் இல்லை. மாமியாரும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு உண்மையைச் சொன்னதற்காக அவள் துரத்திவிட்ட சிநேகிதி நிற்கிறாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு ஏது? அவளைக் கதையாகச் சொன்ன மனிதரே ஒரு நாளும் கேட்டதில்லையே. கடைசியில் கேட்டுவிடுகிறாள். "தப்பு என்னுதுதான்டி. உள்ள வா" என்கிறாள்.

சகாயராணி, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தச் சிநேகிதி உள்ளே வந்தாளா, வாசலோடு திரும்பிப் போய்விட்டாளா என்பதை நான் சொல்ல முடியாது. சொன்னால் அது இன்னொரு பொய் ஆகிவிடும்.

நீ சொல்லுடி. மைக் இங்கேதான் இருக்கிறது.